நானா விட்டுப்போன ஆட்டம்

பழைய கணினியை விற்க வாப்பா ஆள் பேசிவிட்டார். என் மடிக்கணினியில் இறுவட்டுப் போட இடமில்லை. ஆகவே அது போகுமுன், நானாவின் விளையாட்டு இறுவட்டுகளைப் பிரதியெடுக்க உட்கார்ந்தேன்.

மொத்தம் ஒன்பது. தூசு படிந்தவற்றை மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடைத்தேன். வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால், அது தரவு ஓடும் வழியிலேயே நீண்டுவிடும். ஓர் இறுவட்டில் ஏறக்குறைய 700 மெகாபைட்தான். ஒன்பதும் ஒரு பென் டிரைவுக்குள் அடங்கிவிட்டன.

அன்றிரவு கட்டாரிலிருந்து நானா பேசினார். பெருமையோடு சொன்னேன்.

"ஏஜ் ஒஃப் எம்பயர்ஸ்ல நாம பாதியில விட்ட ஆட்டம்?"

"அதுவும்தான் நானா."

"இல்ல தங்கச்சி. இறுவட்டுல விளையாட்டு மட்டும்தான் இருக்கும். அதுல புதுசா ஒண்டும் எழுத ஏலாது. நாம விளையாடினது ஹார்ட் டிஸ்க்ல."

காலையில் எழுந்து வந்தால் கணினி முச்சக்கரவண்டியில் ஏறியிருந்தது. "வாப்பா, கொஞ்சம் பொறுங்க!" என்று ஓடினேன். என் முகத்தைப் பார்த்த வாப்பா, ஒன்றும் கேட்காமல் இறக்கித் தந்தார். சேமித்த ஆட்டங்களுக்கான கோப்புறையில், என் செல்லப்பெயரில் ஒரு சிறிய கோப்பு இருந்தது.

மடிக்கணினியில் அதைத் திறந்தேன். நானா விமான நிலையம் புறப்படுமுன் விட்ட அதே இடம். ஆட்கள் மரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். கோட்டைச் சுவர் பாதியில் நின்றது.

நான் அதைக் கட்டி முடிக்கவில்லை. நானா விடுமுறையில் வரட்டும்.