தோம்பு மாற்றும் படலம்



பள்ளி விடுமுறை நெருங்கும்பொழுதெல்லாம் ஆசிரியர் அறையில் பயணப் பேச்சு களைகட்டிவிடுகின்றது. கோவிட் பெருந்தொற்றுக்குப் பின்னர் அப்பேச்சில் புதிதாக ஒரு சொல் சேர்ந்துள்ளது. அதுதான் கேரவன். பழைய வேன் ஒன்றை வாங்கி, அதனுள் படுக்கை, தண்ணீர்த் தொட்டி, சிறிய அடுப்பு ஆகியவற்றைப் பொருத்திக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடுகின்றனர். விடுதிச் செலவு மிச்சம், பிள்ளைகளுக்கும் குதூகலம். கடற்கரையில் நிற்கும் வண்டியின் படங்களை நாம் நிறையவே பார்க்கின்றோம். ஆனால், அவ்வண்டியின் அடுப்பில் எரிவாயு தீர்ந்துபோனால் என்ன செய்வது என்பது அதிகம் பேசப்படுவதில்லை. அதைப் பற்றித்தான் இன்று உங்களோடு சில கருத்துகளைப் பகிர்ந்துகொள்ள விழைகின்றேன்.

சென்ற விடுமுறையில் என் மைத்துனர் தம் கேரவனில் கிளந்தான் கடற்கரைக்குச் செல்லத் திட்டமிட்டார். பாலிங், கிரிக் வழியாகக் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையைப் பிடித்துச் செல்வதாக ஏற்பாடு. வண்டியோடு வந்த தோம்பு, ஏறக்குறைய 5 கிலோ கொள்ளக்கூடிய சிறிய வெளிநாட்டுத் தோம்பு. அது காலியாக இருந்தது. "கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கிக்கொள்வோம், மச்சான். பத்து நிமிட வேலை," என்றார். அந்தப் பத்து நிமிட வேலைக்கு ஒரு நாள் முழுவதும் அலைந்தோம்.

நம் நிபோங் திபால், பினாங்கு மாநிலத்தின் தென்கோடியில் உள்ளது. கிரியான் ஆற்று வட்டாரத்தில் பினாங்கு, கெடா, பேராக் ஆகிய மூன்று மாநிலங்களும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. சிறிது தூரம் சென்றால் பாரிட் புந்தார். ஆற்றைக் கடந்தால் பண்டார் பாரு. எனவே, ஒரே நாளில் மூன்று மாநிலக் கடைகளிலும் ஏறி இறங்க முடிந்தது.

முதற்கடையின் தவுக்கே தோம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தம் நிறுவனத்தின் பெயர் அதில் இல்லையென்று கண்டதும் தலையை அசைத்துவிட்டார். இரண்டாவது கடையில் பழைய தோம்பை ஏற்க இயலாது என்றும், வைப்புத்தொகை கட்டினால் 14 கிலோ தோம்பு தருவதாகவும் கூறினர். அஃது எங்கள் வண்டியின் தோம்புப் பெட்டியினுள் நுழையாது. தலையில் உள்ள வால்வும் வேறு வகை. மூன்றாவது கடையில்தான் உடனே சம்மதம் கிடைத்தது. "வைத்துவிட்டுப் போங்கள் சார். பெரிய தோம்பிலிருந்து இதில் இறக்கித் தருகிறேன். மாலையில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்," என்றார் கடைக்காரர்.

மைத்துனருக்கு மகிழ்ச்சி. எனக்கோ அச்சம். இரண்டு கடைகள் முறைப்படி நடந்துகொண்டு எங்களைத் திருப்பி அனுப்பின. முறை தவறிய கடையே எங்களுக்கு உதவ முன்வந்தது. இந்த முரணை எண்ணிப் பார்க்க வேண்டும். வேண்டாமென்று நான் மறுத்துவிட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்ட மைத்துனர், கடையில் விற்கும் கையடக்க அடுப்பையும் பியூட்டேன் உருளைகளையும் வாங்கிக்கொண்டு பயணம் புறப்பட்டார்.

கடைக்காரர்கள் ஏன் மறுக்கின்றனர்? நாம் காசு கொடுத்து வாங்குவது உள்ளே இருக்கும் எரிவாயுவை. இரும்புக் கூடு பெரும்பாலும் நிறுவனத்தின் உடைமையாகவே இருந்து வருகின்றது. வைப்புத்தொகை என்பது அதைப் பயன்படுத்துவதற்கான பிணை. காலித் தோம்பு நிரப்பும் நிலையத்திற்குத் திரும்பும்பொழுது அதன் துரு, நசுங்கல், வால்வு ஆகியவை சோதிக்கப்படுகின்றன. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு ஒரு முறை அழுத்தச் சோதனையும் நடைபெறுகின்றது. வேறொருவர் தோம்பை நிரப்பி, அது வெடித்தால் யார் பொறுப்பு? எனவே, மாற்று முறையின் அடிப்படை நியாயமானதே. வீட்டில் ஒரே இடத்தில் வாழ்ந்து, ஒரே கடையில் வாங்குபவருக்கு இதனால் யாதொரு தொல்லையும் இல்லை. ஊர் ஊராய்ச் செல்பவருக்கும் சிறிய அளவில் வாங்குபவருக்குமே சிக்கல்.

இதில் விலையும் ஒரு பங்கு வகிக்கின்றது. நம் நாட்டில் வீட்டுச் சமையல் எரிவாயுவுக்கு அரசாங்கம் உதவித்தொகை வழங்குகின்றது. 2025-ஆம் ஆண்டில் தீபகற்ப மலேசியாவில் ஒரு கிலோவின் கட்டுப்பாட்டு விலை 1 வெள்ளி 90 காசு. அதாவது, 14 கிலோ தோம்புக்கு 26 வெள்ளி 60 காசு. உதவித்தொகை இல்லாவிடில் இதே தோம்பு ஏறக்குறைய 70 வெள்ளியைத் தொடும். மலிவான பொருள் வேறு வழியில் கசியும் என்பதால், 1961-ஆம் ஆண்டு வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்கீழ் இதற்கு விதிகள் உள்ளன. 2021-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 42 கிலோவுக்கு மேல், அதாவது மூன்று பெரிய தோம்புகளுக்கு மேல், வைத்துப் பயன்படுத்தும் வணிகர்கள் அனுமதி பெற வேண்டியிருந்தது. 2025-ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாடு முழுவதும் 'ஒப்ஸ் காசாக்' எனும் அமலாக்க நடவடிக்கை தொடங்கியபொழுது, சிறு உணவுக் கடைக்காரர்கள் கலங்கிப்போயினர். பின்னர், சிறு வணிகர்களுக்கு வழிவிடும் வகையில் விதிகளைத் திருத்த அமைச்சரவை இணங்கியது. விதிகள் பெரிய முறைகேட்டைத் தடுக்க எழுதப்படுகின்றன. அவற்றில் முதலில் சிக்கிக்கொள்வதோ சிறியவர்கள். கடைத்தெருவில் காலித் தோம்போடு நிற்கும் கேரவன் குடும்பமும் அந்த வரிசையில்தான் சேரும்.

இது நமக்கு மட்டுமே உரிய துன்பமன்று. ஐரோப்பாவில் கேரவன் பயணம் நெடுநாள் வழக்கம். அங்கேயும் நாட்டுக்கு நாடு தோம்பின் வால்வு மாறுகின்றது. ஜெர்மனியில் சாம்பல் நிறத் தோம்பு, வாங்கியவருக்கே சொந்தம். அதை அந்நாட்டின் பல்வேறு கடைகளில் மாற்றிக்கொள்ளலாம். சிவப்பு நிறத் தோம்பு நிறுவனத்தின் உடைமை. ஆனால், எல்லையைத் தாண்டிப் பிரான்சுக்குள் சென்றால் சாம்பல் தோம்பும் செல்லாக்காசு. 1949-இல் பிரான்சில் தோன்றிய கேம்பிங்கேஸ் நிறுவனத்தின் நீலத் தோம்பைப் பல நாடுகளில் மாற்ற முடிகின்றது. அந்த வசதிக்குக் கிலோவுக்குக் கூடுதல் விலை கொடுத்தாக வேண்டும்.

தமிழகத்து உறவினர்களைக் கேட்டால் அவர்களிடமும் ஒரு கதை உண்டு. இந்தியாவில் இண்டேன், பாரத் கேஸ், எச்.பி. கேஸ் ஆகிய மூன்றும் 14.2 கிலோ உருளைகளையே வீடுகளுக்கு வழங்குகின்றன. எடை ஒன்றாக இருந்தும், ஒரு நிறுவனத்தின் உருளையை இன்னொன்றிடம் கொடுத்து நிரப்பிக்கொள்ள இயலாது. எந்த நிறுவனத்திடமும் நிரப்பிக்கொள்ளும் முறையைப் பற்றி அந்நாட்டு எரிவாயு ஒழுங்குமுறை வாரியம் 2025 செப்டம்பரில் மக்களின் கருத்தைக் கேட்டது. அதே நாட்டில் நல்லதோர் ஏற்பாடும் உண்டு. ஊர் விட்டு ஊர் வந்து தங்கும் தொழிலாளர், மாணவர் போன்றோருக்காக 5 கிலோ சிறு உருளைகளை முகவரிச் சான்று கேட்காமல் பெட்ரோல் நிலையங்களிலேயே விற்கின்றனர். இந்தியன் ஆயில் நிறுவனம் 2020-இல் அதற்குச் 'சோட்டு' என்று பெயரிட்டது. நிலையான முகவரி இல்லாதவரையும் மனத்தில் கொண்டு ஒரு முறையை வகுக்க முடியும் என்பதற்கு இது சான்று.

இப்பொழுது, நான் ஏன் அஞ்சினேன் என்பதற்கு வருகின்றேன். சில மாதங்களுக்கு முன்னர் மாணவர் முகாம் ஒன்றைப் பற்றிப் பெற்றோர்களோடு கலந்துரையாடினோம். புக்கிட் பஞ்சோரில் ஓரிரவு தங்குவதாகத் திட்டம். சமையலுக்குக் கையடக்க அடுப்புகள் வேண்டும். ஒரு தந்தை எழுந்து, "உருளைகளைக் காசு போட்டு வாங்க வேண்டாம் சார். இணையத்தில் வாங்கிய இணைப்பான் என்னிடம் இருக்கிறது. வீட்டுத் தோம்பிலிருந்து காலி உருளைகளில் நானே நிரப்பித் தருகிறேன்," என்றார். அவர் கணக்கில் தவறில்லை. கிலோ 1 வெள்ளி 90 காசு என்றால் 250 கிராம் உருளையில் அடங்கும் எரிவாயுவின் மதிப்பு ஐம்பது காசுகூட இல்லை. கடையிலோ ஓர் உருளைக்குச் சில வெள்ளி கொடுக்க வேண்டும். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அவையில் பலர் தலையசைத்தனர். அவர் முகம் வாடும் என்று அறிந்தே நான் எதிர்த்துப் பேசினேன். காரணங்கள் இவை.

முதலாவதாக, அந்த உருளை ஒரே முறை பயன்படுத்துவதற்காக மெல்லிய தகட்டால் செய்யப்பட்டது. அது பியூட்டேனின் அழுத்தத்திற்கென்றே அமைந்தது. வீட்டு எரிவாயுவிலோ புரோபேனும் கலந்திருக்கும். 40 பாகை வெப்பத்தில் தூய புரோபேனின் அழுத்தம் பியூட்டேனின் அழுத்தத்தைப்போல் மூன்று மடங்குக்கும் மேல். கலவை மாறினால் ஆபத்தும் மாறும். இலங்கையில் 2021-ஆம் ஆண்டின் இறுதியில் அடுத்தடுத்து நிகழ்ந்த எரிவாயு வெடிப்புகளை ஆராய்ந்த குழு, புரோபேன், பியூட்டேன் கலவை விகிதம் மாற்றப்பட்டதையே முக்கியமாகச் சுட்டியது.

இரண்டாவதாக, நிலையத்தில் நிரப்பும்பொழுது தோம்பின் மேற்பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இடத்தைக் காலியாக விடுவர். வெயிலில் திரவம் விரிவடைய அந்த இடம் தேவை. வீட்டில் நிரப்புபவருக்கு எவ்வளவு நிரம்பியது என்று தெரியாது. வெயிலில் நிறுத்திய வண்டியின் உள்ளே வெப்பம் 60 பாகையைத் தாண்டிவிடும்.

மூன்றாவதாக, இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே சென்று கலைந்துவிடாது. தரையோரமாகத் தேங்கி நிற்கும். திரவமாய்க் கசியும் ஒரு லிட்டர், ஏறக்குறைய 250 லிட்டர் வாயுவாகப் பெருகும். மூடிய வண்டியினுள் ஒரு தீப்பொறி போதும். அதனால்தான் முறையாகக் கட்டப்பட்ட கேரவன்களில் தோம்புப் பெட்டியின் அடிப்பகுதியில் காற்று வெளியேறத் துளை வைத்திருப்பார்கள்.

இவற்றை எடுத்துரைத்த பின்னர், பெற்றோர்கள் ஆளுக்குச் சில வெள்ளி கொடுத்துப் புதிய உருளைகளையே வாங்கினோம். ஆயினும், அந்தத் தந்தையைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சிறிய தோம்பு நியாயமான விலையில் எல்லாக் கடைகளிலும் மாற்றக் கிடைத்தால், இணைப்பானை அவர் ஏன் தேடப்போகின்றார்? நேரான வழி கடினமாக இருந்தால், மக்கள் குறுக்கு வழியில் இறங்கிவிடுகின்றனர். குறுக்கு வழி தவறென்று சொல்வதோடு நம் கடமை முடிந்துவிடாது. நேரான வழியை எளிதாக்கவும் குரல் கொடுக்க வேண்டும். நிறுவனம் எதுவாயினும் ஒரே வகை வால்வு, ஒரே அளவு கொண்ட 5 கிலோ பொதுத் தோம்பு ஒன்று நம் நாட்டில் பரவலாகக் கிடைக்குமானால், கேரவன் பயணிகள் மட்டுமன்றித் தனித்து வாழும் முதியோரும் வாடகை அறையில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளும் பயனடைவர். நிரம்பிய 14 கிலோ தோம்பைத் தூக்க அவர்களுள் பலரால் இயலாது.

பயணம் புறப்படும் பெற்றோர்களுக்குச் சில கோரிக்கைகள். கேரவனை வாங்குவதற்கு முன்னரே அதன் தோம்பு எந்த நிறுவனத்துடையது, எவ்வகை வால்வு, நம் ஊரில் மாற்றக் கிடைக்குமா என்று விசாரியுங்கள். வைப்புத்தொகைச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். வண்டி ஓடும்பொழுது வால்வை மூடிவையுங்கள். தோம்பை எப்பொழுதும் நிமிர்த்தியே வையுங்கள். படுக்க வைத்தால் வாயுவுக்குப் பதில் திரவம் குழாய்க்குள் வந்துவிடும். கசிவைச் சோதிக்கச் சவர்க்கார நுரையைத் தடவிப் பாருங்கள். தீக்குச்சி வேண்டவே வேண்டாம்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். பொருளின் நிலைகளைக் கற்பிக்கும்பொழுது பனிக்கட்டி, நீர், நீராவி என்று ஆண்டாண்டுக் காலமாக ஒரே எடுத்துக்காட்டைச் சொல்லி வருகின்றோம். நம் மாணவர்களின் வீட்டு அடுப்படியில், அழுத்தத்தால் திரவமாகி, திறந்தவுடன் வாயுவாகும் பொருள் ஒன்று நாள்தோறும் காத்திருக்கின்றது. அதற்கு இயல்பில் மணமில்லை. கசிவை உணர்த்தவே நாற்றமுள்ள பொருளைக் கலக்கின்றனர் என்று சொல்லிப் பாருங்கள். வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அன்று மாலை அந்தப் பாடம் பிள்ளைகளின் வாய்வழியே ஒவ்வொரு வீட்டிற்கும் சென்று சேரும். இணைப்பானைக் கையில் எடுக்கும் தந்தையிடம், "அப்பா, வேண்டாம்," என்று காரணத்தோடு சொல்ல ஒரு பிள்ளை கற்றுக்கொண்டாலே நம் உழைப்பு வீண்போகவில்லை என்பேன்.

சிந்திப்போம். பாதுகாப்பாகப் பயணிப்போம்.