மகாராஜா: கோடு போட்டுப் பார்த்தேன்

'மகாராஜா' (2024) பார்க்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படம் முடிந்ததும் மருமகள், "மாமா, ஒண்ணும் புரியலையே" என்றாள். பழக்கதோஷம், காலண்டர் தாளின் பின்பக்கம் காலக்கோடு போட்டேன். திருடன் செல்வம் (அனுராக் காஷ்யப்) கதையும், சலூன்காரர் மகாராஜா (விஜய் சேதுபதி) கதையும் ஒரே சமயத்தில் நடப்பதுபோல மாறி மாறி வருகின்றன. ஆனால் செல்வம் கதை பல வருடம் முந்தியது! இயக்குநர் நித்திலன் சாமிநாதன் அதை மட்டும் மறைத்துவிட்டார். கோட்டில் வைத்தால், மகாராஜா வளர்க்கும் ஜோதி யார் பெற்ற பிள்ளை என்பது தெரிந்துவிடும்.

குப்பைத்தொட்டி 'லட்சுமி'யைக் காணோம் என்று ஸ்டேஷனில் நிற்கிறாரே, எல்லோரும் சிரித்தோம். மகளுக்கு நேர்ந்ததை ஊரறியச் சொல்லாமல் ஆளைத் தேடும் அப்பன் அவர். 'பேனாவைக் காணோம் சார்' என்று தேம்பிய பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். பலருக்குத் தொலைந்தது பேனா இல்லை. மறுமுறை பார்த்தபோது அந்த இடத்தில் சிரிப்பு வரவில்லை.