மூர்ச்சை போட்ட மடிக்கணினி

நம் வீட்டுப் பெண்களுக்கு வைத்தியம் புதிதல்ல. குழந்தைக்கு உடம்பு சுட்டால், "எப்போது ஆரம்பித்தது? சாப்பாட்டுக்கு முன்பா, பின்பா?" என்று விசாரித்த பிறகுதான் கஷாயமா, டாக்டரா என்று தீர்மானிப்போம். வேலையின் நடுவே 'டப்'பென்று அணைந்துபோகும் பழைய மடிக்கணினியிடமும் இதே கேள்விகளைக் கேட்கலாம் என்றால் நம்புவீர்களா? நான் கேட்டேன். பதில் சொல்லிற்று. கேட்காத கேள்வி ஒன்றுக்கும் சேர்த்தே பதில் சொல்லிற்று!

எனக்குச் செங்கற்பட்டில் வாசம். திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ் ஏறினால் மாமல்லபுரம். என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர். அவள் கணவருக்குக் கற்சிற்பப் பட்டறை. 1957-இல் தொடங்கிய அரசினர் சிற்பக் கல்லூரியும், 2017-இல் மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் ஊருக்குப் பெருமைதான். ஆனால் பெருமையைக் கொண்டு உலை வைக்க முடியுமா? பில் போக வேண்டும், ஜி.எஸ்.டி. கணக்குக் காட்ட வேண்டும். அது என் தங்கையின் இலாகா. பட்டறையை ஒட்டிய அறையில், பத்து வயதான லேப்டாப் ஒன்றை வைத்துக்கொண்டு அத்தனையையும் சமாளித்து வந்தாள்.

அந்த யந்திரம்தான் திடீர் திடீரென்று மூர்ச்சை போட ஆரம்பித்தது. ஒரு நாள், வெளியூருக்குப் போக வேண்டிய பிள்ளையார் சிலைகளின் பில் பாதியில் மறைந்தது. கடைக்காரர் ஒருவர் திறந்துகூடப் பார்க்காமல், "போர்டு போயிடுச்சும்மா, எட்டாயிரம் ஆகும்" என்றார். மாப்பிள்ளையோ, "தூக்கிப் போடு. கணக்கை வெளியாள் கிட்டக் கொடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டார்.

"அக்கா, கணக்கு போயிட்டா இந்த வீட்ல நான் வெறும் சமையல்காரிதான்" என்றாள் தங்கை போனில். மறுநாள் காலையே பஸ் ஏறினேன்.

நோயாளி அணைவதில் மூன்று வகை உண்டு, சகோதரிகளே. சார்ஜர் கம்பியை அசைத்தாலோ பிடுங்கினாலோ அணைந்தால், கோளாறு பாட்டரியிலோ கம்பி சொருகும் இடத்திலோ இருக்கும். சிறிது நேரம் ஓடி, அடிப்பாகம் சுட்ட பிறகு அணைந்தால் அது உஷ்ணம். சூடும் இல்லாமல், கம்பியும் அசையாமல், நினைத்தபோதெல்லாம் அணைந்தால் உள்ளே இருக்கும் நினைவக அட்டை, போர்டு சமாசாரம். அதற்குக் கைதேர்ந்த ஆள் வேண்டும். விண்டோஸில் 'ஈவன்ட் வியூவர்' என்று ஒரு குறிப்பேடு உண்டு. அதில் 'கெர்னல் பவர் 41' என்று எழுதியிருந்தால் பயப்படாதீர்கள். 'முறைப்படி மூடப்படாமல் நின்றது' என்பதுதான் அதன் பொருள். ஏன் நின்றது என்பதை அது சொல்லாது.

கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் தடவை இருபது நிமிஷம் ஓடிற்று. உடனே மறுபடி போட்டால் ஐந்தே நிமிஷம். ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போட்டால் மறுபடியும் இருபது. பிறகு, முன்பக்கம் இரண்டு புத்தகங்களால் முட்டுக் கொடுத்து, மேஜை விசிறியை அடிப்பாகத்தை நோக்கித் திருப்பினேன். ஒரு மணி நேரம் தாண்டியும் அசையவில்லை! சந்தேகமே இல்லை, உஷ்ணந்தான்.

உஷ்ணத்துக்கு ஏன் அணைய வேண்டும் என்கிறீர்களா? கணினியின் மூளையான சில்லு, சுமார் நூறு டிகிரியை நெருங்கினால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் தணியாவிட்டால், கருகாமலிருக்கத் தன்னைத் தானே அணைத்துக்கொள்ளும். வீட்டில் ப்யூஸ் போவதைப் போல இது தற்காப்பு. எழுதியதைச் சேமிக்க மட்டும் அவகாசம் தராது. ஆகையால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் 'கன்ட்ரோல்', 'எஸ்' இரண்டையும் சேர்த்து அழுத்துவது, அடுப்பில் பாலை வைத்தவள் எட்டிப் பார்ப்பதுபோல் பழக்கமாகிவிட வேண்டும்.

செங்கற்பட்டில் எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் என் கண் முன்னே அதைத் திறந்தான். விசிறிக்கும் அதன் எதிரே உள்ள மெல்லிய தகடுகளுக்கும் நடுவில், கம்பளித் துண்டு போல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம். அத்தனையும் கருங்கல் தூசு! சில்லின் மேல் தடவியிருந்த பசையும் காய்ந்து பொருக்காகிவிட்டது. விசிறி சுழன்றுவிடாமல் குச்சியால் பிடித்துக்கொண்டு காற்றடித்தான். பழைய பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினான். கூலி ஐந்நூறு ரூபாய். யந்திரம் பிழைத்தது, தங்கையின் இலாகாவும் பிழைத்தது.

கடலோர வீட்டுக்காரர்கள் உப்புக் காற்றையும் மறக்கக் கூடாது. கடற்கரைக் கோயிலையே அது அரிக்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழைப் பூசி, கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்கிறார்கள். நம் கணினி எம்மாத்திரம்? ஜன்னலோரம் வைக்காதீர்கள். அணைத்து ஆறிய பிறகு துணி போட்டு மூடுங்கள். ஓடும்போது மெத்தை மேல் வைக்காதீர்கள், மூச்சு அடைக்கும். பாட்டரி உப்பி, மூடி தூக்கினாற்போல் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். குத்துவதோ அழுத்துவதோ கூடாது, தீப்பற்றும்.

அந்தக் கேட்காத கேள்வி என்னவென்றுதானே யோசிக்கிறீர்கள்? விசிறியிலிருந்து எடுத்த தூசியைக் காகிதத்தில் மடித்து எடுத்துப் போயிருந்தேன். அதை மாப்பிள்ளை முன் பிரித்து வைத்தேன்.

"இது அடுத்த அறையிலே இருந்த மிஷின் இழுத்தது, மாப்பிள்ளை. கல்லு பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிற நீங்க எவ்வளவு இழுத்திருப்பீங்க?"

உளியும் சுத்தியலுமாக இருந்த காலத்தை விட, மின்சார அறுப்பு யந்திரங்கள் வந்த பிறகு நுண்ணிய தூசி அதிகம். அதில் உள்ள சிலிக்கா நெஞ்சில் படிந்தால் வருவது சிலிகோசிஸ். அதைத் தடுக்கலாம், வந்த பின் போக்க முடியாது. முகத்தில் சுற்றும் துண்டு இந்தத் தூசியைத் தடுக்காது. என்-95 போன்ற முகமூடி வேண்டும்; அறுக்கும்போது கல்லில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்க வேண்டும். யந்திரமாவது தாங்காதபோது அணைந்து எச்சரிக்கிறது. மனிதர் இருமிக்கொண்டே வேலை செய்கிறார்.

மாப்பிள்ளை அந்தக் காகிதத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் தங்கை கணினியில் அடித்த முதல் கணக்கு, பட்டறை ஆட்கள் ஆறு பேருக்கும் வாங்கிய முகமூடிச் செலவு.