தகதிமி சொல்லும் வலது கை

மஞ்சூரில் என்னிடம் கிடார் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. சர்ச்சில் பாட்டுக்குக் கார்டு பிடிக்க வேண்டும் என்று வருகிறவர்கள் ஒரு வகை. ‘இளைய நிலா’ வாசிக்க வேண்டும் என்று வருகிறவர்கள் இன்னொரு வகை. இரண்டும் நல்ல ஆசைதான். அந்தப் பாட்டுக்கு இசையமைத்த இளையராஜாவே தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்து, லண்டன் டிரினிட்டி காலேஜின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கியவர். இப்படி வருகிறவர்களில் யாராவது ஒருவர், என்றைக்காவது நைலான் கம்பி போட்ட கிடாரில் டிரெமலோவைக் கேட்டுவிட்டு, “சார், வாசிக்கிறது ரெண்டு பேரா?” என்று கேட்பார். அந்தக் கேள்வியோடு வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கம்பியைத் தட்டிய அந்த நொடியிலிருந்தே கிடாரின் ஒலி தேயத் தொடங்கிவிடுகிறது. வயலின்காரருக்கு வில் உண்டு, நாகஸ்வரக்காரருக்கு மூச்சு உண்டு. நமக்கு அந்த வசதி இல்லை. வீணைக்கும் இதே பாடுதான். ஆனால் வீணை வாசிக்கிறவர்கள் ஒரு மீட்டு மீட்டிவிட்டு, இடது கையால் கம்பியை இழுத்துக் கமகம் கொடுத்து, அந்த ஒலி அடங்குவதற்குள் இரண்டு மூன்று சுரங்களை அதிலிருந்தே வாங்கிவிடுவார்கள். கிடாரில் ஃப்ரெட் உயரம் குறைவு, நைலான் கம்பியை அவ்வளவு இழுக்க முடியாது. அதனால் அந்த வேலையை வலது கை எடுத்துக்கொண்டது. ஒலி தேய்வதற்குள் அதே சுரத்தை மறுபடி மறுபடி தட்டி, நீண்டு ஒலிப்பதாகக் காதை நம்பவைப்பதுதான் டிரெமலோ.

கட்டைவிரல் பேஸ் கம்பியை ஒருமுறை தட்டும். பிறகு மோதிர விரல், நடுவிரல், ஆட்காட்டி விரல் மூன்றும் வரிசையாக ஒரே கம்பியில் மெட்டைத் தட்டும். புத்தகத்தில் இந்த விரல்களை அவற்றின் ஸ்பானிஷ் பெயர்களின் முதலெழுத்தால் பி, ஏ, எம், ஐ என்று குறித்திருப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் தகதிமி என்று சொல்லிக்கொடுக்கிறேன். ‘த’ கட்டைவிரலுக்கு, ‘கதிமி’ மற்ற மூன்று விரலுக்கு. வாயால் சொல்லிக்கொண்டே தட்டினால் சதுஸ்ரம் என்கிற நாலு எண்ணிக்கை தானாகக் கையில் உட்காரும். ஃபிளமெங்கோக்காரர்கள் நாலுக்குப் பதில் ஐந்து தட்டுகிறார்கள். அவர்கள் விரல் வரிசை பி, ஐ, ஏ, எம், ஐ. அதற்குத் தகதகிட என்று கண்டத்தில் சொல்லிப் பாருங்கள், சரியாகப் பொருந்தும். ஆனால் முதலில் சதுஸ்ரம் கைக்குப் படியட்டும், கண்டம் அப்புறம்.

இதில் ஒரு சங்கதியை நன்றாக மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். கட்டைவிரல் பேஸைத் தட்டும் நேரத்தில் மெட்டுக் கம்பியில் புதிதாக எந்தத் தட்டும் விழுவதில்லை. நாலு பங்கில் ஒரு பங்கு மெட்டுக்கு ஓய்வு. கேட்கிறவர் காது அந்த இடத்தைத் தானே நிரப்பிக்கொள்ளும். ஆனால் நாலு தட்டும் ஒரே இடைவெளியில் விழுந்தால்தான் நிரப்பும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு மூன்று விரலும் கொத்தாக முன்னே ஓடிவிடும், அடுத்த கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு சந்து விழும். கேட்டால் குதிரை ஓடுகிற சத்தம்தான் வரும். சந்தை மூட இன்னும் வேகமாக வாசித்துப் பார்ப்பார்கள். வேகம் கூடக் கூட சந்தும் கூடவே வரும்.

குன்னூரில் எனக்குச் சொல்லிக்கொடுத்த மாஸ்டர் இதற்கு வைத்திருந்த மருந்து ஒரு கைக்குட்டை. பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கம்பிகளுக்கு அடியில் அதைச் செருகிவிட்டு வாசிக்கச் சொல்வார். ரீங்காரம் அடங்கி, வெறும் தட்டுச் சத்தம் மட்டும் கேட்கும். கம்பி முழங்கும்போது மறைந்து நிற்கிற கோணல் எல்லாம் அப்போது வெளியே வந்துவிடும். எந்த விரல் முந்துகிறது, எது பிந்துகிறது, எது அமுங்கித் தட்டுகிறது என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை, நம் காதே சொல்லும். இன்றைக்கும் காலையில் கிடாரை எடுத்தால் முதலில் துணியைச் செருகித்தான் தொடங்குகிறேன். விடிகாலையில் வீட்டில் யாருக்கும் தூக்கமும் கெடாது.

மாஸ்டர் வாசிக்கும்போது வலது கையைப் பார்த்தால் அங்கே வேலை நடப்பதே தெரியாது. மணிக்கட்டு அசையாது. விரல்கள் அடிமூட்டிலிருந்து உள்ளங்கைப் பக்கமாக மடங்கும், உடனே தளர்ந்து திரும்பும். கம்பியை விட்டுக் கால் அங்குலம்கூட விலகாது. “தம்பி, வேகத்த நீ கொண்டுவர வேணாம். தடங்கல எடு, அது தானா வரும்” என்பார். தடங்கல் எங்கே இருக்கிறது என்று விரலால் தொட்டும் காட்டுவார். சிலருக்கு அது தோளில் இருக்கும், சிலருக்கு மடக்கி இறுக்கிய சுண்டுவிரலில் இருக்கும். சுண்டுவிரல் வாசிப்பதில்லை என்றாலும், அது இறுகினால் பக்கத்து மோதிர விரலும் இறுகிவிடும். மோதிர விரலும் நடுவிரலும் உள்ளே தசைநாரால் பிணைந்தவை. அதனால்தான் ஏ, எம் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்து இயக்குவதற்கு இவ்வளவு நாள் பிடிக்கிறது.

பழகும் முறை எளிமையானது. மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். ஒரு க்ளிக்குக்கு ஒரு விரல். தட்டி முடித்ததும் அடுத்த விரலைக் கம்பியில் கொண்டுபோய் வைத்து, முந்தைய ஒலியை அடக்கிவிட்டுக் காத்திருங்கள். இப்படி வெட்டி வெட்டி வாசித்தால் ஒவ்வொரு விரலும் தன் இடத்தைத் தெரிந்துகொள்ளும். பிறகு அழுத்தத்தை இடம் மாற்றுங்கள். ஒரு சுற்று ஏ-வுக்கு அழுத்தம், அடுத்த சுற்று எம்-முக்கு, அதற்கடுத்தது ஐ-க்கு. முதல் கம்பியில் சரியாக வந்த பிறகு இரண்டாம் கம்பிக்குப் போங்கள். அங்கேதான் விரல் பக்கத்துக் கம்பியில் இடிக்கும். விரல் எவ்வளவு அதிகமாக ஆடுகிறது என்று அந்த இடி காட்டிக்கொடுத்துவிடும்.

வேகம் எவ்வளவு வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். ஸ்பெயின் நாட்டு ஃபிரான்சிஸ்கோ டாரகா (1852–1909) எழுதிய ‘அல்ஹம்ப்ரா நினைவுகள்’தான் டிரெமலோ உருப்படிகளில் பலரும் முதலில் தேடி வருவது. 3/4 தாளம், ஒரு அடிக்கு 8 நோட், ஒரு பாருக்கு 24. மெட்ரோனோம் 60 என்றால் நொடிக்கு 8 தட்டு. இந்தக் கணக்கைக் கேட்டாலே பயம் வரும். கட்டைவிரலை மட்டும் எண்ணிப் பாருங்கள், நொடிக்கு இரண்டு தட்டுதான். மனசைக் கட்டைவிரலில் வையுங்கள், மற்ற மூன்றும் அதன் பின்னால் வரட்டும். இடது கை மெட்டுக்காக இடம் மாற வேண்டிய நேரமும் கட்டைவிரல் தட்டும் அந்தக் கணமே. கட்டைவிரல் பேசும்போது மெட்டு விரல் நகர்ந்துவிட வேண்டும். ஏ தட்டும்போது அது புது ஃப்ரெட்டில் அழுந்தி நிற்க வேண்டும்.

இனி நகம். மூன்று நகமும் ஒரே குரலில் பேச வேண்டும். கிண்ணக்கொரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் என்னிடம் வந்துகொண்டிருந்தாள். லீவு நாளில் அம்மாவோடு சேர்ந்து தோட்டத்தில் கொழுந்து பறிப்பாள். அவள் டிரெமலோவில் ஒவ்வொரு நாலாவது தட்டும் மந்தமாக விழுந்தது. ஆட்காட்டி விரலுக்குப் பலம் போதவில்லை என்று நினைத்து அந்த விரலை மட்டும் வாரக்கணக்கில் சாதகம் செய்திருக்கிறாள். கையை வாங்கிப் பார்த்தேன். கொழுந்தைக் கிள்ளிக் கிள்ளி ஆட்காட்டி நகத்தின் ஓரம் சாய்வாகத் தேய்ந்திருந்தது. விரலில் குறை இல்லை. தேய்ந்ததை வளர்க்க வழியும் இல்லை, அடுத்த வாரம் மறுபடி தோட்டம் இருக்கிறது. அதனால் மற்ற இரண்டு நகத்தையும் அதே அளவுக்குக் குறைத்தோம். விரல் நுனியின் சதை முதலில் கம்பியைத் தொட்டு, பிறகு நகத்தின் இடது ஓரம் வழியாகக் கம்பி வழுக்கி வெளியேறும்படி கையின் கோணத்தைக் கொஞ்சம் திருப்பினோம். அதே வாரத்தில் மூன்றும் ஒரே குரலுக்கு வந்தன. நீள நகம் கட்டாயமில்லை. ஒரே மாதிரியான நகம் கட்டாயம்.

நகத்தை அரத்தால் வடிவாக்கியபின், வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறவர்கள் பயன்படுத்தும் வாட்டர் பேப்பர் 600-இல் ஒருமுறை, 1000-த்தில் ஒருமுறை தேயுங்கள். ஓரம் கண்ணாடியாக இருக்க வேண்டும். சொரசொரப்பு கொஞ்சம் இருந்தாலும் கம்பி அதைச் சத்தமாகக் காட்டும். குளித்த கையோடு நகத்தைத் தேய்க்காதீர்கள், ஈர நகம் ஏடு ஏடாகப் பிரியும்.

மஞ்சூர் இருக்கிற இந்தக் குந்தாப் பகுதியில் வாத்தியம் வைத்திருப்பதே ஒரு தனிப் பாடம். பக்கத்து அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் 24 மணி நேரத்துக்குள் 800 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ஒவ்வொரு வருடமும் ஜூன் தொடங்கி மழையின் ஈரம் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கும். மேல்பலகை உப்பும், கம்பி ஃப்ரெட்டை விட்டு உயரும், இடது கை வலிக்கும். அந்த மாதங்களில் கேஸுக்குள் சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு வைக்கிறேன். ஜனவரி உறைபனிக் காலத்தில் காற்று வறண்டு போகும், அப்போது பலகை வெடிக்கும் பயம். சோப்பு டப்பாவில் ஓட்டை போட்டு, நனைத்துப் பிழிந்த ஸ்பாஞ்சை உள்ளே வைத்துக் கேஸில் ஓரமாக வைத்தால் போதும். ஈரப்பதம் 45-இலிருந்து 55 சதவீதத்துக்குள் இருந்தால் கிடார் நிம்மதியாக இருக்கும். நல்ல கிடாரின் முதுகுக்கும் விலாவுக்கும் உலகமெங்கும் தேடுகிற ஈட்டி மரம் நம் கூடலூர்ச் சரிவிலேயே வளர்கிறது. ஆனால் மரம் பலகையாகிவிட்டால் எந்த ஊரிலும் காவல் வேண்டும்.

கை சீரானபின் பாவம் வர வேண்டும். எமரால்டிலிருந்து வந்த ஒரு பையன் ஒரு தட்டுகூடப் பிசகாமல் வாசிப்பான். கேட்டுக்கொண்டிருந்தால் மெட்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்றே தெரியாது. கிடாரைக் கீழே வைக்கச் சொல்லி மெட்டைப் பாடச் சொன்னேன். கூச்சத்தோடு பாடினான். பாடும்போது எங்கெல்லாம் மூச்சு வாங்கினானோ அங்கெல்லாம் புத்தகத்தில் பென்சிலால் குறி போட்டோம். பிறகு டிரெமலோ இல்லாமல் ஒரு மெட்டு நோட்டு, ஒரு பேஸ் என்று வாசிக்க வைத்தேன். குறி வந்த இடத்தில் கட்டைவிரல் ஒரு கணம் தாமதிக்க வேண்டும், மெட்டு மேலே ஏறும்போது ஒலி பெருக வேண்டும், இறங்கும்போது தணிய வேண்டும். அது சரியானபின் மறுபடி மூன்று விரலையும் சேர்த்தோம். அதே கைதான், அதே வேகம்தான். ஆனால் அன்றைக்குத்தான் அவன் பாடியதாக எனக்குப் பட்டது.

டாரகாவின் உருப்படி ஏ மைனரில் தொடங்கி ஏ மேஜருக்குத் திரும்புகிற இடத்தில் நான் கையைச் சவுண்ட்ஹோல் பக்கம் கொஞ்சம் நகர்த்துவேன். ஒலி இளகி, வெளிச்சம் வந்ததுபோல் ஆகும். பராகுவே நாட்டு அகஸ்டின் பாரியோஸ் 1944-இல் இறப்பதற்கு முன் கடைசியாக எழுதிய உருப்படி ‘ஊனா லிமோஸ்னா’. ஒரு மூதாட்டி அவர் கதவைத் தட்டிப் பிச்சை கேட்டதிலிருந்து அது பிறந்தது என்று சொல்வார்கள். கதவு தட்டும் அந்தச் சத்தம் முழுக்கக் கீழ்க் குரலில் இருக்கிறது. மேலே டிரெமலோ எவ்வளவு அழகாக ஓடினாலும், தட்டும் ஒலி கேட்காவிட்டால் அந்த உருப்படி இல்லை. கட்டைவிரல் துணைக்கு நிற்பதாக நினைக்கிறவர்கள் இதை வாசித்துப் பார்க்க வேண்டும்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். தினமும் கால் மணி நேரம், துணி செருகிய கம்பியில், தகதிமி சொல்லிக்கொண்டு, மெதுவாக. இரண்டு நாள் விட்டுவிட்டு மூன்றாம் நாள் மூன்று மணி நேரம் உட்காருவதால் பயனில்லை, கை வீங்குவதுதான் மிச்சம். மாதக்கணக்கில் ஒன்றும் நடக்காததுபோல் இருக்கும், அப்போது விட்டுவிடாதீர்கள். மெதுவாக வாசிக்கும்போது கேட்க நன்றாக இல்லாத டிரெமலோ, வேகத்திலும் நன்றாக இருக்காது. மெதுவாக வாசிக்கும்போதே நீங்கள் ரசித்துக் கேட்கும்படி வாசியுங்கள்.