மயிலையில் ஒரு ஹெர்குலிஸ்

எங்கள் வீட்டு ஹெர்குலிஸை அப்பா வாங்கியது 1962இல். பர்மிங்ஹாமில் 1910இல் கிரேன் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் அது. ஆயினும் எங்களுடையது சீமைச் சரக்கு அன்று. முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸும் கூட்டாக 1949இல் நிறுவிய டி.ஐ. சைக்கிள்ஸின் அம்பத்தூர்த் தயாரிப்பு. மயிலாப்பூரிலிருந்து மவுண்ட் ரோடு அலுவலகத்துக்கு அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதில் போய்வந்தார். அவர் காலமான பிறகு மாடிப்படியின் கீழ், பழைய செய்தித்தாள் கட்டுகளுக்குப் பின்னால் பல வருடங்கள் நின்றது. உடன்பிறந்தோர் மூவரும் சென்ற ஆண்டு அதை வெளியே எடுத்தோம்.

தெருமுனை சைக்கிள் கடைக்காரருக்கு எந்த ஐயமும் எழவில்லை. "ஃபிரேமை உரிச்சுப் பவுடர் கோட்டிங் அடிச்சிடலாம் சார். ரிம், ஹேண்டில்பார் எல்லாம் புதுசு போட்டுக்கலாம். ஷோரூம்ல எடுத்த மாதிரி ஆயிடும்" என்றார். அம்மாவும் அவர் பக்கமே. பழமையின் அழகு குறித்து நாங்கள் ஏதோ சொல்லத் தொடங்க, அம்மா ஒரே கேள்வியில் வாயை அடைத்துவிட்டார்: "உங்கப்பா ஒரு நாளாவது இதை அழுக்கா வெச்சிருந்தாரா?"

வைத்திருந்ததில்லை. ஞாயிறுதோறும் காலையில் பழைய வேட்டித் துணியும் தேங்காயெண்ணெயுமாக உட்கார்ந்துவிடுவார். கம்பி கம்பியாகத் துடைப்பார். அவர் வேண்டியது வாங்கிய நாளின் பளபளப்பு. நாங்கள் காப்பாற்ற விரும்பியதோ, அத்தனை ஞாயிறுகளாலும் அவரால் தடுக்க இயலாமற்போன தேய்மானத்தை. அவருடைய பொருளை அவருடைய விருப்பத்துக்கு எதிராகவே பேணுகிறோமோ என்ற உறுத்தல் வேலை நெடுகிலும் இருந்தது. இப்போதும் முழுதாக நீங்கிவிடவில்லை.

அந்தத் தேய்மானத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அக்காலச் சைக்கிள்களின் கறுப்பு, எனாமலைப் பூசிச் சூளையில் சுட்டு இறுகச் செய்த கறுப்பு. அதன்மேல் பொன்னிறக் கோடுகள், ஒட்டிப் பதித்த எழுத்துகள், அவற்றைக் காக்க மெல்லிய வார்னிஷ். ஆண்டுகள் செல்லச் செல்ல வார்னிஷ் பழுத்து, பொன் எழுத்து தேன் நிறம் கொள்ளும். எங்கள் சைக்கிளின் முன்பாரில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு மெலிந்து உலோகம் பழுப்பாகத் தெரிகிறது. மடித்த துண்டின்மேல் நாங்கள் மூவரும் வருடக்கணக்கில் ஒருவர்பின் ஒருவராக உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன இடம் அது. ஹேண்டில்பாரில் காய்கறிப் பை மாட்டும் இடத்தில் குரோமியம் முற்றிலும் போய், அடியிலுள்ள நிக்கல் சற்றே மஞ்சள் சாயலுடன் ஒளிர்கிறது. செயின் கவரின் மேல்விளிம்பை அப்பாவின் கால்சட்டை தேய்த்திருக்கிறது. பவுடர் கோட்டிங் அடிக்க வேண்டுமானால் முதலில் இவை அனைத்தையும் உரித்தாக வேண்டும். உரித்தபின் எஞ்சுவது எவருடைய சைக்கிளாகவும் இருக்கலாம்.

எழும்பூர் அருங்காட்சியகத்தில் செப்புத் திருமேனிகளைப் பார்த்தவர்கள், அவற்றின்மேல் படிந்த பச்சை களிம்பைக் கவனித்திருப்பார்கள். அங்கே 1930-களில் வேதியியல் முறைப் பாதுகாப்புக்கு அடித்தளமிட்டவர் எஸ். பரமசிவன். இறுகிப் படிந்து அடியிலுள்ள உலோகத்தை மூடிக்காக்கும் களிம்பு ஒன்று. உப்பின் குளோரைடால் உண்டாகி, வெளிர்பச்சைத் தூளாக உதிர்ந்து உலோகத்தை அரித்துக்கொண்டே போகும் நோய் மற்றொன்று. முன்னதை விட்டுவைத்துப் பின்னதை நிறுத்துவதே பாதுகாப்போர் வேலை. ஆனால் பங்குனியில் கபாலீசுவரர் கோயிலிலிருந்து அறுபத்துமூவர் மாடவீதியில் எழுந்தருளும்போது அத்திருமேனிகளில் களிம்பைத் தேட முடியுமா? வழிபாட்டிலுள்ள செம்பு தேய்க்கப்பட வேண்டும், மின்ன வேண்டும். அம்மாவின் கட்சி கோயில் கட்சி, எங்களுடையது அருங்காட்சியகக் கட்சி என்று அப்போதுதான் புரிந்தது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. எங்களுக்கோ அதை ஓட்டவும் வேண்டும், அதன் வயதும் வேண்டும்.

ஆகவே ஒரு பாகப்பிரிவினை செய்துகொண்டோம். ஓடுவதற்குரியவை எல்லாம் கடைக்காரர் வசம். பால்ரஸ், பிரேக் கட்டை, டயர், டியூப் யாவும் புதியவை போட்டு முழு 'ஓவராயில்'. (28 அங்குல டயர் இன்றும் கிடைக்கிறது என்பது வியப்புதான்.) கண்ணுக்குத் தெரியும் பூச்சு எங்கள் வசம்.

மயிலையில் பூச்சின் முதற்பகை கடல். காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் அதைக் கரைக்காது, நீர்தான் கரைக்கும். எனவே நன்கு பிழிந்த ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்துணியால் ஒற்றியெடுத்தோம். கரி ஏறிய கிரீஸுக்கு மண்ணெண்ணெய். ஆனால் பொன் எழுத்துகளின் அருகே அதைக் கொண்டுசெல்லவில்லை. பெட்ரோலும் தின்னரும் பழைய வார்னிஷைக் கரைத்து எழுத்தையும் கொண்டுபோய்விடக்கூடும் என்பதால் அவற்றை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. எந்தத் திரவமாயினும் முதலில் சீட்டுக்கு அடியில் ஒரு நயா பைசா அளவு இடத்தில் சோதித்துப் பார்த்தோம். ரிம்மின் துருவுக்கு அலுமினியத் தாளைக் கசக்கி நீரில் நனைத்துத் தேய்த்தால் போதும். அலுமினியம் குரோமியத்தைவிட மென்மையானது, ஆதலால் கீறாது. தொட்டால் விரலில் ஒட்டும் செம்மஞ்சள் துருவை எடுத்தோம், இறுகிய பழுப்பை விட்டோம். இறுதியில் எண்ணெய்க்குப் பதில் மெழுகு. எண்ணெய் தூசியைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த முறை துடைக்கையில் அத்தூசியே உப்புத்தாளாக மாறும். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் 1950-களில் இதற்கென்றே ஒரு மெழுகை உருவாக்கினார்கள். எங்களுக்கு, தேய்க்கும் துகள் கலவாத சாதாரணக் கார் மெழுகே போதுமானதாயிற்று. முன்பாரின் வெற்றிடத்தில் மட்டும் இரண்டு பூச்சு.

சிக்கல் எழுந்தது முன்கழுத்தில். அங்குள்ள முத்திரையைச் சுற்றி ஆண்டாண்டு ஆயுத பூஜைகளின் சந்தனமும் குங்குமமும் மேலுக்குமேல் படிந்து கல்லாகியிருந்தன. இது அழுக்கா, பூச்சா? ஈரத்தை உறிஞ்சும் பொருள் என்பதால் எடுத்துவிட வேண்டும் என்றான் தம்பி. அப்பாவின் விரல் பட்டது என்றாள் அக்கா. கடைசியில், உதிரும் நிலையிலிருந்த மேற்பொருக்கை மூங்கில் குச்சியால் நீக்கி, எனாமலோடு ஒன்றிப்போன செந்நிறக் கறையை மெழுகுக்கு அடியில் விட்டோம்.

இந்த விவாதம் நடந்துகொண்டிருந்தபோதே அம்மா, ஃபிரேமில் தொங்கிய பித்தளை வரி வில்லையைக் கழற்றிக்கொண்டுபோய்ப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். ஐந்தே நிமிடத்தில் தங்கமாயிற்று. அதை மீண்டும் மாட்டியிருக்கிறோம். கறுத்துப் பழுத்த அந்த உடம்பில் அது ஒன்று மட்டும் தனியே பளீரென்று தெரிகிறது. மாதம் ஒருமுறை நாங்கள் மெழுகு பூச உட்காரும்போது, அம்மா புளியுடன் வந்து வில்லையைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்.