ஒரகடத்தில் வேலை... வீடு எந்த ஊரில்?

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள். அதோடு, 'ஒரகடம் பக்கம் வாடகைக்கு வீடு தேடிப் பார்' என்பதையும் சேர்த்துக் கொள்ளலாம்!

என் நாத்தனார் மகளுக்குச் சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மாப்பிள்ளைக்கு ஒரகடத்தில் கார் உதிரிபாகக் கம்பெனி. நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. கூடவே மாமியார். மாதாமாதம் கொஞ்சமாவது மிச்சம் பிடித்து, அடகில் இருக்கும் நகைகளை மீட்டாக வேண்டும். "அத்தை, நீங்களும் கூட வந்து ஊரைப் பாத்துச் சொல்லுங்க" என்றாள். இரண்டு நாள் பஸ்ஸிலேயே சுற்றினோம்.

அந்தப் பக்கம் போகாத சகோதரிகளுக்காக வழியைச் சொல்லி விடுகிறேன். சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் முதலில் ஸ்ரீபெரும்புதூர், அதைத் தாண்டிச் சுங்குவார்சத்திரம். தெற்கே வண்டலூர் - வாலாஜாபாத் சாலையில் படப்பை, ஒரகடம், வாலாஜாபாத். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடத்துக்கு ஒரு குறுக்குச் சாலை. சுங்குவார்சத்திரத்திலிருந்து வாலாஜாபாத்துக்கு இன்னொன்று.

ஸ்ரீபெரும்புதூர்

ராமானுஜர் அவதரித்த தலம். ஆதிகேசவப் பெருமாளைச் சேவித்து விட்டுத் தேட ஆரம்பித்தோம். பஸ், கடைத்தெரு, பள்ளிக்கூடம், அரசு மருத்துவமனை எல்லாம் உண்டு; ரயில்தான் கிடையாது. ஆனால் வாடகை? ஒரு வீட்டுக்கார அம்மா மறைக்காமல் சொன்னார்: "பசங்க நாலு பேர் சேர்ந்து ஆளுக்கு இவ்வளவுன்னு குடுத்துடறாங்கம்மா. அதைக் குடும்பஸ்தங்க ஒருத்தர் எப்படிக் குடுப்பீங்க?" வெளியூர்ப் பிள்ளைகள் வந்து குவியும் ஊரில் வாடகை ஏறும் ரகசியம் இதுதான்.

ஒரகடம்

மாப்பிள்ளை நடந்தே வேலைக்குப் போகலாம். ஆனால் நாங்கள் பார்த்த வீட்டில் புழங்க லாரித் தண்ணீர், குடிக்கக் கேன் தண்ணீர். இரண்டு நாளைக்கு ஒரு கேன் என்றாலும் மாதம் 15 கேன்! அதையும் வாடகையோடு கூட்டித்தானே பார்க்க வேண்டும்? ராத்திரியெல்லாம் கனரக லாரிகள் ஓடும் சாலையைத் தாண்டிக் குழந்தை பள்ளிக்குப் போக வேண்டும் என்பது இன்னொரு கவலை.

படப்பை

தாம்பரம் கிட்டத்தில் இருப்பது வசதி. வாடகையும் அதற்கேற்ற மாதிரி. தாம்பரத்தை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் 2015 வெள்ளத்தில் மூழ்கியது நினைவிருக்கும். அந்தப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் தரகரிடம் கேட்காமல், தெருமுனை டீக்கடையில், "அந்த மழைக்குத் தண்ணி எதுவரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். சரியான பதில் கிடைக்கும்.

வாலாஜாபாத்

பாலாற்றங்கரைப் பழைய ஊர். ரயில் நிலையம் உண்டு. காஞ்சிபுரமும் அங்குள்ள பெரிய அரசு மருத்துவமனையும் பக்கம். எல்லாவற்றையும் விட, ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் இங்கிருந்து நேர்ச் சாலை! பார்த்த வீட்டில் தெருக்குழாய்த் தண்ணீர் வந்தது. கடைத்தெருவில் கீரைக்கட்டும் மளிகையும் சில்லறையாகவே வாங்கலாம். தூரம்தான் குறை, இருவருக்கும் தினமும் பிரயாண நேரம் கூடும்.

"தூரமா இருக்கேன்னு யோசிக்கிறேன் அத்தை" என்று தயங்கினாள். அவளுடைய கம்பெனி பஸ் நிற்கும் இடத்திலிருந்து அந்த வீடு வரை, இரவு பத்து மணிக்கு நாங்கள் இருவரும் நடந்தே பார்த்தோம். தெருவிளக்கு எரிந்தது, இரண்டு கடைகள் திறந்திருந்தன, திண்ணையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஷிப்ட் முடிந்து தனியாக வரும் பெண்ணுக்கு இதைவிடப் பெரிய வசதி எது?

இன்னொன்றும் சொன்னேன். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் ஆரம்பித்த நோக்கியா தொழிற்சாலை 2014-ல் உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வேறு வேலை தேட நேர்ந்தது. ஒரே கம்பெனி வாசலை நம்பி வீடு பிடித்தால், வேலை மாறும்போது வீடும் மாற வேண்டும், குழந்தையின் பள்ளியும் மாற வேண்டும். நாலு பக்கமும் வழியுள்ள ஊரில் அந்தத் தொல்லை குறைவு. மாப்பிள்ளையும் தலையாட்டினார். வாலாஜாபாத்தே முடிவாயிற்று.

தனியாக வேலைக்கு வரும் பெண்களுக்கு விடுதிதான் வீடு. 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் விடுதிச் சாப்பாட்டினால் பெண் தொழிலாளர்கள் பலர் நோய்வாய்ப்பட்டு, நெடுஞ்சாலையில் மறியலே நடந்தது. 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டிருக்கிறது. எந்த விடுதியானாலும் சேரும் முன் சமையலறை, தண்ணீர்த் தொட்டி, கழிவறை மூன்றையும் கண்ணால் பார்த்து விடுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

* வேறு உடன்பாடு இல்லையென்றால் மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கூடாது என்பது 2017-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வாடகைச் சட்டம். ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்குங்கள்.

* மின்சாரத்துக்குத் தனி மீட்டரா என்று கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வீட்டுக்காரர் யூனிட் கணக்குப் போட்டு வசூலித்தால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது.

* சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. அந்த பஸ் உங்கள் தெருப் பக்கம் எத்தனை தடவை வருகிறது என்று பாருங்கள்.

* வாடகை, தண்ணீர், பஸ், மருந்து... நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். எந்த ஊர் மலிவு என்பதை அந்தக் கூட்டுத்தொகையே சொல்லிவிடும்.