தண்ணீர் ஏறவில்லை

ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. இதை மாற்றி 'ஸ்ட்ராங் ரெயின்' என்று எழுதிய என் கட்டுரை நோட்டில் சிவப்பு மையால் ஒரு வட்டம் விழுந்தது. கும்பகோணத்தில் படித்துக்கொண்டிருந்த நாட்கள். தமிழில் மழையும் பலத்ததுதான், காற்றும் பலத்ததுதான். ஏன் கூடாது என்று கேட்டேன். 'அப்படித்தான்' என்றார் ஆசிரியர். எழுவாய், பயனிலை, காலம் எல்லாம் சரியாக இருந்தும் வாக்கியம் ஆங்கிலமாகவில்லை. இதே ஊர் அரசுக் கல்லூரியில் 1904-ல் சேர்ந்த ராமானுஜன், ஆங்கிலக் கட்டுரையில் தேறாமல் உதவித்தொகையை இழந்தவர். அதைச் சொல்லி என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அவருக்குச் சூத்திரங்கள் இருந்தன.

அன்று சாயங்காலம் காப்பி கிளப்பில், மாட்டுத் தரகர் ஒருவர் 'ஸ்ட்ராங்கா ஒரு காப்பி' என்றார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் 'ஹெவியா ஒரு காப்பி' என்று ஒருநாளும் கேட்கமாட்டார். பெயருக்கு உரிய அடை அவர் நாக்கிலேயே இருந்தது. நான் அதைப் புத்தகத்தில் தேடிக்கொண்டிருந்தேன்.

சொற்களின் இந்தச் சேர்மானத்தை ஒரு விஷயமாக எடுத்துக்கொண்டு யோசித்தவர்களில் முக்கியமான சிலர், ஆங்கிலத்தை அந்நியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போனவர்கள். ஹெரால்ட் பாமர் டோக்கியோவில் இருந்துகொண்டு ஆங்கிலச் சொற்சேர்க்கைகளைத் தொகுத்து 1933-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார். ஹார்ன்பி ஜப்பான் மாணவர்களுக்காக உருவாக்கிய அகராதி 1942-ல் வந்தது. ஆங்கில வினைகள் எந்தெந்த வார்ப்பில் அமையும் என்று 25 வகைகளாகப் பிரித்தவர் அவர். ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டுதான் அறியமுடியும் என்ற கருத்துக்குப் பெயர்போன ஃபர்த், 1919 முதல் 1928 வரை லாகூரில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். தன் பாஷைக்குள்ளேயே இருப்பவனுக்கு இந்தக் கேள்வி லேசில் எழாது. வெளியிலிருந்து ஒருவன் தப்பாகப் பேசிக் காட்டவேண்டியிருக்கிறது.

என் பாஷையைப் பற்றியும் எனக்கு இந்தக் கேள்வி அதுவரை எழுந்ததில்லை. எங்கள் பக்கத்தில் நாற்றைப் பறிப்பார்கள், வெற்றிலையைக் கிள்ளுவார்கள், கதிரை அறுப்பார்கள், களையை எடுப்பார்கள். கதிரைக் கிள்ளுவதும் களையை அறுப்பதும் வேறு காரியங்கள். நெல்லைத் தூற்றலாம், மனிதரையும் தூற்றலாம்; காற்று இரண்டுக்கும் வேண்டும். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் ஒரு விதி இருக்கிறது. பல வினைகளுக்கு உரிய பொருள்களை ஒரே பெயரில் அடக்கிச் சொல்லும்போது, ஒன்றுக்கு மட்டும் உரிய வினையை அதற்குக் கொடுக்கக்கூடாது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் அடிசில். அதில் தின்பதும் உண்டு, பருகுவதும் உண்டு. எனவே அடிசிலைத் தின்றான் என்றோ பருகினான் என்றோ சொல்லாமல் அயின்றான் என்று பொதுவினை சொல்லவேண்டும். ஆங்கில ஆசிரியரின் 'அப்படித்தான்' என்ற பதிலைவிட இது எவ்வளவோ மேல். பெயருக்கும் வினைக்கும் உள்ள உறவில் ஒரு நியாயம் இருப்பதை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள்.

அன்றாட ஆங்கிலத்தின் போக்கு வேறு மாதிரி. குளிப்பதற்கு 'டேக் எ பாத்'. பார்ப்பதற்கு 'ஹேவ் எ லுக்'. முடிவு செய்வதற்கு 'மேக் எ டிசிஷன்'. வினை வெறும் சுமைகூலி. மூட்டை முழுக்கப் பெயரின் தலையில். தமிழில் இது இல்லை என்று சொல்லமாட்டேன். கோலம் போடுகிறோம், சண்டை போடுகிறோம், கையெழுத்தும் போடுகிறோம். ஆனால் எனக்கு ஆங்கிலம் வந்துவிட்டது என்று நான் நம்ப ஆரம்பித்தது, வினையைக் காலிசெய்து பெயரில் ஏற்றும் வித்தை கைவந்த பிறகுதான். அந்த நம்பிக்கையோடு இருந்தபோதுதான் அப்பா மனு எழுதச் சொன்னார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு சம்பா. பயிர் பொதி கட்டியிருந்த சமயம். "தண்ணி ஏறலை தம்பி" என்றார் அப்பா. "வாய்க்கால்ல ஓடுது. மேட்டு வயலுக்கு ஏறமாட்டேங்குது. கீழ் மதகுல பலகையை நாலு நாள் இறக்கி வெச்சா போதும். இங்கிலீஷ்ல எழுது, அப்பத்தான் எடுபடும்."

ஏறவில்லை. இந்த ஒரு வினையில் எல்லாம் இருந்தது. தண்ணீர் இருக்கிறது, ஓடுகிறது, மட்டம் போதவில்லை, வயல் மேட்டில் இருக்கிறது. தண்ணீர் ஏறுவதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? 'கிளைம்ப்' என்றால் சிரிப்பார்கள். சிவப்பு வட்டம் கண்ணுக்குள் வந்தது. தண்ணீரோடு கௌரவமாகச் சேரக்கூடிய சொல் ஒன்று தயாராக இருந்தது: 'அக்யூட் ஸ்கேர்சிட்டி ஆஃப் வாட்டர்'. கடுமையான தண்ணீர்ப் பற்றாக்குறை. அடையும் பெயரும் அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தின. எழுதி முடித்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. பலகை விஷயம் அந்த நடையில் ஒட்டவில்லை, விட்டுவிட்டேன்.

பதில் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில். அளவுப் பதிவின்படி வாய்க்காலில் போதிய நீர் ஓடுகிறது; பற்றாக்குறை இல்லை; தேவைப்பட்டால் உரிய நடவடிக்கை எடுக்கப்படும். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நான் கேட்டதற்குத்தான் பதில் சொல்லியிருந்தார்கள். பெயர், அடை, வினை மூன்றும் இலக்கணமாகக் கூடிய அந்த வாக்கியத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, நடவடிக்கையை எடுக்கப்போகிற ஆளும் இல்லை. மேட்டு நாலு மாவும் பதராகப் போயிற்று.

இன்று அந்த ஆங்கிலம் தமிழாகவே புழங்குகிறது. ஆய்வு மேற்கொள்ளப்படுகிறது. தாக்கம் ஏற்படுத்தப்படுகிறது. அலுவலகத்தைச் சொல்லிப் பிரயோசனமில்லை; கவிதையைப் பற்றி நாம் எழுதும் பக்கங்களிலும் இதுதான் நடக்கிறது. ஒரு கவிதை நம்மை என்ன செய்தது என்பதற்கு வினை கிடைக்காதபோது, பெயர்களை அடுக்கி, பக்கத்தில் ஒரு 'ஏற்படுத்தியது' போட்டு நிறுத்துகிறோம். எனக்கு இதில் பிறரைக் குற்றம் சொல்லும் யோக்கியதை இல்லை. பிறகு முப்பது வருஷம் வகுப்பில் சிவப்பு வட்டம் போட்டவன் நான்.

பதில் வந்த அன்று அப்பா திண்ணையில் உட்கார்ந்து கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு கேட்டார்:

"ஏறலைன்னு எழுதினியா தம்பி?"

"எழுதினேம்ப்பா" என்றேன்.